தலைவண்டிக்கு வைத்த தேசிக்காய்

டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தில் சங்கிலி கட்டுவது என் தொழில். கப்பலுக்குள் உருண்டு ஏறுகிற எதுவானாலும், லொறியோ உழவு இயந்திரமோ காற்றாலைத் தூணோ, கடல் எப்படி ஆட்டினாலும் அசையாதபடி தளத்தோடு சேர்த்து இறுக்கிவிடுவோம். இருபது வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். நான் கட்டியது ஒன்றும் இதுவரை அவிழ்ந்ததில்லை. இதை நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். டேனிஷ்காரரின் வாயிலிருந்து ஒரு பாராட்டு வாங்குவதென்றால் பல்லுப் பிடுங்குவது மாதிரி.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள் எங்களை மேற்பார்க்கிற போர்மன் எல்லோரையும் கோப்பி அறைக்குக் கூப்பிட்டார். ஜெர்மன் கவசப் படைப்பிரிவு ஒன்றிலிருந்து ஒரு பட்டாலியன் எங்கள் துறைமுகத்தால் நோர்வேக்குப் போகிறது, டாங்கிகளைக் கட்டுவதற்கு ஆட்கள் வேண்டும் என்றார். மற்றவர்கள் பெடியன்கள் மாதிரிச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அது புதினமில்லை. ஒரு கிழமைக்கு முதலே வீட்டில் கத்திக் குளறி முடித்த விஷயம். அந்தப் பட்டாலியனோடு என் மகளும் போகிறாள்.

மகள் டேனிஷ் இராணுவத்தில் சார்ஜன்ட். பள்ளிக்கூடத்திலேயே ஜெர்மன் மொழியை நன்றாகப் படித்தவள் என்பதால், டேனிஷ்காரருக்கும் ஜெர்மன்காரருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் இணைக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். முதலில் நோர்வேயில் பனிக்குள் பயிற்சி. பிறகு பால்டிக் பக்கம், கிழக்கு எல்லையில் பல மாதம். இதற்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொன்னாள்.

என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அமைதியான மனுசி. அவள் அழவில்லை, சாமி அறைக்குள் போய் எனக்குக் கேட்கத்தக்கதாகவே வேண்டிக்கொண்டாள். "அம்மாளாச்சி, ஏதாவது ஒரு தடங்கல் வந்து என்ரை பிள்ளை நிண்டிட வேணும்." நான் சாமியை நம்பிக்கொண்டிருக்கவில்லை. நேராக மகளிடம் போய்க் கத்தினேன்.

"ஆமிக்கெண்டு போனது காணாதே? இப்ப டாங்கியோடையும் போகப் போறியோ?"

அவள் நான் கத்தினால் பதிலுக்குக் கத்தமாட்டாள். அது இந்த நாட்டில் பிறந்த குணம். "றோலி, அப்பா, றோலி" என்றாள். அமைதியாக இருக்கச் சொல்கிறாளாம். பிறகு மேசையில் கிடந்த பீட்சாப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதில் படம் கீறத் தொடங்கினாள்.

கீறிக்கொண்டே டேனிஷில் விளக்கினாள். ஒரு டாங்கிக்குள் நாலு பேர்: ஓட்டுகிறவர், குண்டு நிரப்புகிறவர், குறி பார்க்கிறவர், இவர்களுக்குத் தலைவர். நாலு டாங்கி ஒரு அணி. மூன்று அணியும் தலைமை வண்டிகளும் ஒரு கொம்பனி. மூன்று நாலு கொம்பனி சேர்ந்தால் ஒரு பட்டாலியன், நாற்பதுக்கு மேல் டாங்கி. அதற்கு மேலே பிரிகேட். அதில் டாங்கி மட்டுமில்லை, காலாட்படை, பீரங்கி, பாலம் போடுகிறவர்கள், வேவு பார்க்கிறவர்கள். இப்படியான பிரிகேட்டுகள் சிலவற்றைச் சேர்த்து, தொலைத்தொடர்பு, வைத்தியம், எரிபொருள், திருத்தவேலை எல்லாம் அதற்குத் தனித்தனியாகக் கொடுத்தால் அதுதான் டிவிஷன், படைப்பிரிவு. மூடியில் இடம் காணாமல் பெட்டியின் அடியிலும் கீறினாள்.

"உதெல்லாம் ஆரைக் கொல்ல?" என்று கேட்டேன்.

"யாரும் வராமல் இருக்கிறதுக்கு" என்றாள்.

"எல்லா ஆமிக்காரரும் உதைத்தான் சொல்லுறவங்கள்."

அவள் பேனையை மூடிவிட்டு எழும்பிப் போனாள். அவளோடு நான் பேசியது அத்தோடு சரி. ஆனால் அந்தப் பெட்டியைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. அவள் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தேன். நாலு பேரில் தொடங்கி இருபதினாயிரம் பேர்வரை போகிற அந்தக் கோடுகளில் ஒரு ஆளும் தலைவன் இல்லாமல் விடப்படவில்லை. எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினால் மறுவருடம் அது இரண்டாகிவிடும். இவர்கள் என்னெண்டு இப்படிக் கட்டினார்கள் என்று வியப்பாகத்தான் இருந்தது.

எனக்கு டாங்கி தெரியும். ஊரில், பத்தொன்பது வயதில் ஒரு மதகுக்குள் அரை நாள் படுத்துக் கிடந்தேன், மேலே ரோட்டால் அவை போய்க்கொண்டிருந்தன. சத்தத்தைவிட நிலம் நடுங்கியதுதான் பெரிது. பல்லுக்குள்ளே வந்து நடுங்கியது. அன்றைக்கு என்னோடு கிடந்தவர்களில் இரண்டு பேர் வெளியில் வரவில்லை. அதைப் பற்றி நான் யாரிடமும் கதைப்பதில்லை. இதிலும் இவ்வளவுதான் எழுதுவேன்.

ஏற்றுகிற நாளன்று காலை எட்டு மணிக்கு அவை துறைமுக வாசலால் வந்தன. நான் கையுறையைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். கழற்றி, மறுபடி போட்டேன். அறுபது தொன்னுக்கு மேலான இரும்பு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிப்பாய் பின்பக்கமாக நடந்தபடி, கையசைவாலேயே அதைக் கூட்டிக்கொண்டு வருகிறான். அவன் கையை மடக்கினால் நிற்கிறது. விரலை அசைத்தால் ஒரு சாண் நகர்கிறது. கத்தல் இல்லை, விசில் இல்லை. ஒரு மலையை இப்படி விரலால் நடத்தலாம் என்று யாரும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

டாங்கிகளுக்குப் பின்னால் வந்தவற்றைப் பார்த்துத்தான் நான் வாயைப் பிளந்தேன். பழுதான டாங்கியை இழுக்க இன்னொரு டாங்கி. முதுகில் பாலத்தையே மடித்துச் சுமந்துகொண்டு ஒரு டாங்கி. அம்புலன்ஸ், எண்ணெய் லொறிகள், நடமாடும் சமையல் குசினி, உதிரிப்பாகம் நிறைந்த பெட்டிகள், கடிதம் கொண்டுபோக ஒரு வண்டி. பல்லு வைத்தியரும் வருகிறாராம்! ஒரு ஊரையே அப்படியே தூக்கிச் சில்லில் வைத்த மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த டாங்கி மதகுக்கு மேலே போனது. அதற்குப் பின்னால் பாண் சுட்டுச் சாப்பாடு போடுகிறவனும் கடிதம் பிரிக்கிறவனும் வந்திருப்பார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

எங்களோடு வேலை செய்கிற கிரேன்காரர் பென்ஷனுக்குப் போகிற வயதிலிருக்கிற டேனிஷ்காரர். அவர் என் பக்கத்தில் வந்து நின்று, "நான் பெடியனாய் ஆமியில் இருந்தபோது, இந்த யூட்லாந்துக் குடாநாட்டைக் காக்க டேனிஷ் படையையும் ஜெர்மன் கவசப் படையையும் ஒரே தலைமையகத்தின் கீழே போட்டிருந்தார்கள்" என்றார். "ஒருமுறை டேனிஷ் ஜெனரல், அடுத்த முறை ஜெர்மன் ஜெனரல். என்ரை அப்பா ஜெர்மன்காரரின் ஆக்கிரமிப்பில் சிறையில் இருந்தவர். நான் அவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்கிறேன் என்று கேள்விப்பட்டு, அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டார்."

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகென்ன, அடுத்த நத்தாருக்குப் போனேன்" என்று சொல்லிவிட்டுக் கிரேனில் ஏறப் போய்விட்டார்.

மகளின் சிறிய ஜீப் முதலாவதாகவே கப்பலுக்குள் போய்விட்டிருந்தது. அவள் தளத்தின் மேலே ஒரு பட்டியலோடு நின்று, டேனிஷில் ஒருத்தருக்கும் ஜெர்மனில் இன்னொருத்தருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டாள். வேலையில் இருக்கிறபடியால் தலையை மட்டும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

அப்போதுதான் என் பொக்கற்றுக்குள் இருந்த இரண்டு தேசிக்காய் என் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லக் கூடாது. அவை என் நினைவை விட்டுப் போகவேயில்லை. விடியக் காலமை குளிர்பெட்டிக்குள் இருந்து மனைவிக்குத் தெரியாமல் எடுத்து வந்தவை.

எங்கள் ஆட்கள் டென்மார்க்கில் எந்த வண்டி வாங்கினாலும், பழைய வண்டியானாலும், கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சந்தனம் வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டுதான் வெளிக்கிடுவார்கள். இல்லையென்றால் அந்த வண்டியில் ஏறக் கால் கூசும். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் தேசிக்காய் நசிக்காத வண்டியில் என் மகளை ஏற்றியதில்லை. அவளின் ஜீப்புக்கு வைக்கத்தான் கொண்டுவந்தேன். அது உள்ளே போய்விட்டது. வரிசையின் முன்னால் நிற்பது முதலாவது டாங்கி. தலைவண்டிக்கு வைத்தால் பின்னால் போகிற முழு வரிசைக்கும் வைத்ததுதானே? காருக்கு நாலு சில்லு, நாலு காய். டாங்கிக்கு இரண்டு சங்கிலிப் பட்டை, இரண்டு காய் போதும். இந்தக் கணக்கெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் எனக்குச் சரியாக வந்தது. அந்த ஒரு நிமிஷம் பயமும் இருக்கவில்லை.

வழிகாட்டுகிற சிப்பாய் கப்பல் பக்கம் திரும்பியிருந்தான். நான் சங்கிலி எடுக்கிற மாதிரிக் குனிந்து, வலப்பக்கப் பட்டைக்கு முன்னால் ஒன்று வைத்தேன். இடப்பக்கம் ஓடிப்போய் மற்றதை வைக்கும்போது அவன் திரும்பிவிட்டான்.

அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக மடக்கினான். டாங்கி நின்றது. அடுத்த டாங்கி நின்றது. வாசல் வரைக்கும் அத்தனையும் ஒன்றன் பின் ஒன்றாக நின்று, எஞ்சின்கள் அடங்கின.  மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு கறுத்த மனுசன் டாங்கிக்குக் கீழே எதையோ வைக்கிறான். இந்தக் காலத்தில், துறைமுகத்துக்கு மேலே ஒரு விளையாட்டு ட்ரோன் பறந்தாலே பொலிஸ் ஓடி வருகிற காலத்தில்!

"தேசிக்காய்! அது தேசிக்காய்!" என்று தமிழில்தான் கத்தினேன். இரண்டு கையையும் உயர்த்து என்று யாரோ டேனிஷில் கத்தினார்கள். உயர்த்தினேன். தளத்தின் மேலே மகளைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த பட்டியல் கீழே இறங்கிவிட்டது. தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது, அவளுக்கு விளங்கிவிட்டது.

என்னைக் கொண்டுபோய் ஒரு கொள்கலன் அலுவலகத்தில் இருத்தினார்கள். டேனிஷ் இராணுவப் பொலிஸ்காரன் ஒருத்தனும் ஜெர்மன் கப்டன் ஒருத்தரும் கேள்வி கேட்டார்கள். நான் எல்லாம் சொன்னேன். வண்டி, கோயில், சில்லு, மகளின் ஜீப், எல்லாம். கப்டன் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் எழுதினார். "மகளுக்கு இது முன்பே தெரியுமா? அவள் செய்யச் சொன்னாளா?" என்று கேட்டார். "இல்லை, அவளுக்கு ஒன்றுமே தெரியாது" என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு மூன்று மணித்தியாலம். எனக்குக் காவலாக வந்தவர் ஒரு பெரிய உடம்புக்காரர், தோளில் மஞ்சள் கயிறு. கொம்பனியின் மூத்த சார்ஜன்ட் அவர். ஆட்களின் சாப்பாடு, உடுப்பு, வீட்டுக் கவலை எல்லாம் அவரின் பொறுப்பு; அதனால் அவர்களுடைய ஆமியில் இவரைப் போன்றவரைக் கொம்பனியின் தாய் என்று சொல்வார்களாம். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, ஆனபடியால் நன்றாகக் கதைத்தோம்.

"உன் எலுமிச்சம்பழம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டவர், இடைக்கிடை வெளியில் போய் விசாரித்துவந்து சொன்னார். டாங்கித் தலைவர் அணித்தலைவருக்குச் சொல்லி, அவர் கொம்பனிக்குச் சொல்லி, கொம்பனி பட்டாலியனுக்குச் சொல்லியாயிற்று. அரை மணித்தியாலத்தில் பிரிகேட். ஒரு மணித்தியாலத்தில் ஜெர்மனியில் இருக்கிற டிவிஷன் தலைமையகம். அங்கே ஆட்களுக்கு ஒரு பகுதி, பாதுகாப்புக்கு ஒரு பகுதி, நடவடிக்கைக்கு ஒன்று, வழங்கலுக்கு ஒன்று என்று இலக்கம் போட்டு மேசைகள். என் தேசிக்காய் எந்த மேசைக்குரியது என்று அவர்களுக்கே பிடிபடவில்லையாம். பாதுகாப்பு மேசை அது வெடிபொருள் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளியது. அடுத்த மேசை, பட்டைக்குச் சேதமா என்று வண்டி திருத்துகிறவர்களைக் கேட்டது. கடைசியில் படைப்பிரிவின் மதகுருவையும் கேட்டார்களாம்.

எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. மகள் கீறிய பீட்சாப் பெட்டி அப்படியே உயிர்பெற்று எழும்பி நிற்பதாகத்தான் பட்டது. எனக்குத் தெரிந்த ஆமி மதகுக்குள் கிடந்த பெடியனை யார் என்று கேட்கவேயில்லை. இங்கே இரண்டு தேசிக்காய்க்காக ஒரு பட்டாலியனை நிற்பாட்டி, இன்னொரு நாட்டில் இருக்கிறவர்கள்வரை போய், இது என்ன, ஏன் வைத்தான் என்று கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய இரும்பு ஒரு பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்பதை நான் கண்ணால் கண்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"நீங்கள் எப்படி இதில் சேர்ந்தீர்கள்?" என்று அவரைக் கேட்டேன்.

அவரின் அப்பா மற்ற ஜெர்மனியின், கிழக்கு ஜெர்மனியின் ஆமியில் டாங்கித் தலைவராக இருந்தவராம். சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் படைப்பிரிவு, போர் முடிந்து பத்து வருடம் படையே இல்லாமல் இருந்த நாட்டில் புதிதாக உருவாக்கப்பட்டது; அதன் டாங்கிகள் கிழக்கைப் பார்த்து நின்றன, அப்பாவின் டாங்கிகள் மேற்கைப் பார்த்து நின்றன. சுவர் விழுந்தது. இரண்டு ஆமியும் ஒன்றாயிற்று, டாங்கிகளில் பாதிக்கு மேல் விற்றும் உடைத்தும் போயின, படைப்பிரிவுகளையே கலைத்தார்கள். அப்பா சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஓட்டப் போனார். மகன் வளர்ந்து, அப்பா குறி வைத்திருந்த படைப்பிரிவிலேயே சேர்ந்தான்.

"அப்பா ஒன்றும் சொல்லவில்லையோ?"

"வாசல்வரை வந்து வழியனுப்பினார்" என்றார். 

அந்த நேரம் கப்டன் வந்து எங்களைப் பட்டாலியன் தளபதியிடம் கூட்டிக்கொண்டு போனார். தளபதி மெலிந்த, நரைத்த மனுசன். மேசையில் இரண்டு தாள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மகளும் அங்கே நிமிர்ந்து நின்றாள், என்னைப் பார்க்கவில்லை.

தளபதி நல்ல டேனிஷில் கதைத்தார். "இரண்டு வாக்குமூலம் என்னிடம் இருக்கிறது. அப்பா சொல்கிறார், மகளுக்குத் தெரியாது என்று. மகள் எழுதியிருக்கிறார், தான்தான் அப்பாவைக் கேட்டுச் செய்வித்ததாக. இதில் ஒன்று உண்மையில்லை."



அவர் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். மகள் கேட்டுத்தான் நடந்தது என்றால், அது ஒரு படைவீரர் செய்த பிழை. அப்பா, மகள் சொன்னதைச் செய்தவர் மட்டும்தான். துறைமுகம் அவரின் அனுமதி அட்டையைத் தொடாது. ஆனால் விசாரணை முடியும்வரை மகள் இங்கேயே நிற்கவேண்டும், கப்பல் அவளுக்காகக் காத்திருக்காது, வேறொருத்தர் அந்த இடத்துக்குப் போவார். அப்பா தனியாகச் செய்தது என்றால், மகள் போகலாம். அப்பாவின் அட்டை இன்றைக்கே பறிபோகும். பிறகு கிடைக்குமா என்பது துறைமுகத்தின் விஷயம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஐம்பத்தெட்டு வயதில் இந்தத் துறைமுகம் தவிர எனக்கு வேறு எங்கேயும் வேலை இல்லை என்று இவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் காத்திருந்த இடத்தை, ஒரு தாளில் ஒரு பொய்யை எழுதி, எனக்காக விட்டுவிட்டாள். நான் கத்தினேன், பேசாமல் இருந்தேன், இவ்வளவும் செய்த அப்பனுக்காக.

இப்போது நான் வாயே திறக்கத் தேவையில்லை. சும்மா நின்றால் போதும். என் வேலை நிற்கும். மகள் நிற்பாள். கிழக்கு எல்லை இல்லை, டாங்கி இல்லை. பின்னேரம் வீட்டுக்கு என்னோடு காரில் வருவாள். மனைவி கேட்ட தடங்கல் இதோ என் நாக்கின் நுனியில் இருந்தது. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. 

மகள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். தமிழில், மெல்லமாக, "அப்பா, பேசாமல் இருங்கோ" என்றாள்.

பிள்ளை என்னைக் கெஞ்சுகிறாள். இந்தப் பொய்யோடு இவள் இனி இவர்கள் முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பாள்? ஒரு தேசிக்காயைப் பற்றிக்கூட உண்மையைக் கேட்டுக்கொண்டு இருக்கிற இவர்கள் முன்னால்? அவள் தேர்ந்துகொண்ட வீடு இது. எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இதுதான் அவளின் வீடு. அதில் அவளைப் பொய்க்காரியாக நிறுத்திவிட்டு என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் ஏவவில்லை.

"மகள் சொல்வது பொய்" என்றேன் டேனிஷில். "என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறாள். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் சண்டை பிடித்த நாளிலிருந்து நாங்கள் கதைப்பதேயில்லை. வேண்டுமென்றால் என் மனைவிக்கு ஃபோன் எடுத்துக் கேளுங்கள்."

 தளபதி மகளின் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பொய்யான அறிக்கைக்குக் கண்டிப்பு உங்கள் கோப்பில் ஏறும். எதற்காக எழுதினீர்கள் என்பதும் ஏறும். ஒரு மணித்தியாலத்தில் கப்பலில் இருக்கவேண்டும்" என்றார். அவள் கையை நெற்றிக்கு உயர்த்தினாள்.  என்னிடம் வரவில்லை, வரவும் முடியாது. வெளியே போய்விட்டாள்.

மூத்த சார்ஜன்ட்தான் என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். அட்டையைக் கழற்றி வாங்கும்போது, "உன் மகள் என் கொம்பனியோடுதான் வருகிறாள்" என்றார். "சாப்பிட்டாளா, படுத்தாளா என்று பார்ப்பது என் வேலை." நான் அவரின் கையைப் பிடித்தேன்.   

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். டாங்கிகள் ஒவ்வொன்றாக ஏறின, விரலுக்கு விரல், சாணுக்குச் சாண். இருபது வருடத்தில் முதல்முறையாக வேறு ஆட்கள் கட்ட நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி வண்டியும் போய், கதவு மூடி, கப்பல் விலகும்போது மனைவி ஃபோன் எடுத்தாள். யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை நிக்கிறாளாமே?"

"இல்லை. போயிட்டாள்."

"ஏனாம்? விசாரணை எண்டு சொல்லிச்சினமே. நிப்பாட்டப் போயினம் எண்டு சொல்லிச்சினமே."

"நான் பேசாமல் நிண்டிருந்தால் நிண்டிருப்பாள்" என்றேன். "நான் பேசிப்போட்டன்."

ஃபோனை வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போனபோது மேசையில் எனக்குச் சாப்பாடு மூடி வைத்திருந்தது. அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. சண்டை பிடித்தால் தாங்கிவிடுவேன்; இது தாங்க முடியாத விஷயம். துறைமுகக் கம்பனி என்னை வேலிக்கு வெளியே மரப்பலகைக் களஞ்சியத்தில் போட்டது. அட்டை இன்னும் விசாரணையில்.

நாலாவது கிழமை, ஞாயிறு மத்தியானம், மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. நோர்வேயில் பனிவெளி. முழுக் கொம்பனியும் வரிசையாக நிற்கிறது. எல்லோரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் துணி, கண்ணுக்குக் கண்ணாடி. பின்னால் டாங்கிகளுக்கும் வெள்ளை பூசியிருந்தது. அவள் ஒன்றும் எழுதவில்லை.

மனைவி பக்கத்துக் கதிரையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கேட்கட்டும் என்று, எனக்கு நானே சொல்கிற மாதிரிச் சொன்னேன். இது ஒரு அணி, இது அடுத்த அணி, முன்னால் தனியாக நிற்பவர் கொம்பனித் தலைவர், அந்தப் பெரிய உடம்புக்காரர் மூத்த சார்ஜன்ட். எல்லாம் எனக்குத் தெரிந்தது. எத்தனை வண்டி, எதற்குப் பின்னால் எது என்பதுகூடத் தெரிந்தது. என் மகள் எது என்று மட்டும் தெரியவில்லை. நூறு வெள்ளை உருவம், ஒன்றுக்கும் முகமில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன். கண்ணால் தண்ணி வந்து படமே தெரியாமல் போய்விட்டது.

மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையை வைத்துவிட்டு எழும்பி வந்தாள். என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். ஒருமுறைதான் பார்த்தாள்.

"இந்தா நிக்கிறாள்" என்று விரலை வைத்தாள். "மூண்டாவது வரிசை. இடக்காலிலை பாரம் போட்டு."